பழைய இரும்பை விக்காதேங்கோ, பந்தல் போடுங்கோ

தோட்டத்தில் கொடி படர ஒரு பந்தல் வேணும் என்றால் எங்கட ஊர்களில் இப்ப இரண்டு வழிகள்தான் கதைக்கப்படுகின்றன. ஒன்று, ஏதாவதொரு திட்டத்துக்குப் பெயர் கொடுத்து, அடையாள அட்டைப் பிரதி கொடுத்து, ஒரு செற் பைப்பும் பச்சை வலையும் வந்து சேரும் மட்டும் காத்திருப்பது. மற்றது, வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவரிடம் காசு கேட்டு, கடையில் புதுப் பைப் எடுத்து, வளைவாக ஒட்டுவித்து, முகப்பில் 'உபயம்' என்று பெயர் பொறிப்பது. மூன்றாவது வழி கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டில் ஓரத்திலும் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதைக் கிலோக் கணக்கில் விற்றுப்போட்டு முதல் இரண்டு வழிக்கும் நாங்கள் வரிசையில் நிற்கிறோம்.

அந்த மூன்றாவது வழியைப் பற்றிக் கதைக்க வேண்டியிருக்கிறது. எங்கட வாதம் சுருக்கமானது. பழைய இரும்பு குப்பையும் இல்லை, அலங்காரப் பொருளும் இல்லை. அது கட்டுமானப் பொருள். அதால் தோட்டத்துக்குப் பந்தல் போட ஏலும், போட வேணும். அதைத் தடுக்கிற காரணங்களில் பெரும்பாலானவை இரும்பில் இல்லை, எங்கட தலைக்குள் இருக்கின்றன.

நிறைக்கு விலை இருக்கு, உருவத்துக்கு இல்லை

பழைய இரும்பு வாங்குகிறவர் தராசில் போட்டுப் பார்ப்பது நிறையை மட்டும். நேரான ஆங்கிள் இரும்பும், நசுங்கிப்போன பாரமான சட்டமும் அவருடைய கணக்கில் ஒன்றுதான். அது அவருடைய பிழை இல்லை. அவர் கொண்டுபோய்க் கொடுக்கிற இடத்திலும் கணக்கு கிலோதான். உலைக்குப் போகிற இரும்புக்கு உருவம் தேவையில்லை.

ஆனால் ஒரு பழைய இரும்புக் கட்டிலைப் பாருங்கோ. நாலு பக்கமும் ஆங்கிள் இரும்பு, மூலைக்கு மூலை துளை, ஆறடி நீளத்துக்கு நேர்கோடு. ஒரு சைக்கிள் றிம்மைப் பாருங்கோ. எந்தப் பட்டறையிலும் அவ்வளவு சுத்தமான வட்டத்தைக் கையால் வளைத்து எடுக்க ஏலாது. கிணற்றில் இருந்து கழற்றிப்போட்ட ஜீ.ஐ. பைப்பைப் பாருங்கோ. இப்ப கடையில் தோட்ட வேலைக்கு என்று விற்கிற மலிவுப் பைப்புகள் பலவற்றை விட அதன்ர சுவர் தடிப்பு. இவை எல்லாவற்றிலும் ஒருத்தருடைய உழைப்பு ஏற்கெனவே உருவமாக இருக்கிறது. இரும்பை உருக்க 1500 பாகை செல்சியஸுக்கு மேலே சூடு வேணும். அந்தச் சூட்டுக்கு எரிந்த எரிபொருளும் அந்த உருவத்துக்குள் இருக்கிறது.

நிறைக்கு விற்கிறபோது நாங்கள் அந்த உழைப்பைச் சும்மா கொடுக்கிறோம். பிறகு கடைக்குப் போய், அதே நேர்கோட்டையும் அதே வளைவையும் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம். இறக்குமதி விலையும், லொறிக் கூலியும், கடைக்காரருடைய லாபமும் அதில் சேர்ந்திருக்கும். மீள்சுழற்சி என்று எல்லாரும் புகழுகிற சங்கதிக்குள்ளேயே இந்த இழப்பு ஒளிந்திருக்கிறது. உருக்கிச் செய்கிற மீள்சுழற்சி நல்லதுதான், மண்ணைக் கிண்டித் தாது எடுப்பதிலும் பார்க்க எவ்வளவோ மேல். ஆனால் பைப்பைப் பைப்பாகவே இன்னொரு இருபது வருடம் வைத்திருப்பதற்கு உலையே தேவையில்லை.

இது எங்கட ஆட்களுக்குப் புதுப் பாடமும் இல்லை. ஊர்க் கம்மாலைகளில் லொறியின் பழைய வில்லுத்தகட்டில் கத்தி அடித்தவர்கள் எங்களோடுதான் இருந்தார்கள். நல்ல உருக்கு எதிலே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை நாங்கள் அறிவாக எண்ணவில்லை. இரும்படிக்கிறவரைச் சாதியின் பெயரால் ஒரு ஓரத்தில் இருத்திவிட்டு, அவருடைய தொழிலையும் அதே ஓரத்தில் இருத்தினோம். பழைய இரும்பைத் தொடுவது மதிப்புக் குறைவு என்ற எண்ணத்துக்கு வேர் அங்கேயும் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு 'வடிவில்லை' என்று மட்டும் சொல்வது நேர்மையில்லை.

நாங்கள் போட்ட பந்தல்

சும்மா கதைக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். ஒரு சனசமூக நிலையத்தின் பின்காணியில் இருபது அடி நீளம், பத்து அடி அகலத்துக்கு நாங்கள் ஒரு பந்தல் போட்டிருக்கிறோம். எட்டுக் கால்கள், எல்லாம் பழைய ஜீ.ஐ. பைப். மேல்சட்டம் மூன்று கட்டில்களின் ஆங்கிள் இரும்பு. குறுக்கே, கட்டடம் இடித்த இடத்தில் எடுத்து நிமிர்த்தின கொங்கிறீற் கம்பி. நடுவில் பதினாறு சைக்கிள் றிம்கள், ஒன்றோடொன்று கட்டுக்கம்பியால் கட்டினது. இப்ப அதில் பாகலும் புடோலும் பயித்தங்கொடியும் படர்ந்திருக்கு. ஒரு மூலையில் முந்திரிகைக் கொடி ஒன்று மெல்ல மெல்ல ஏறுது.

செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில விசயங்களைச் சொல்லிவிடுகிறோம். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

எங்கட மண்ணில் இரண்டடி தோண்டினால் பல இடத்தில் சுண்ணாம்புக்கல் முட்டும். அலவாங்கு போட்டுக் கல்லோடு மல்லுக்கட்டுவதிலும் பார்க்க, கால்களைக் கல்லும் கொங்கிறீற்றும் நிரப்பின அரைப் பரலுக்குள் நிறுத்தலாம். மண்ணுக்குள் இறக்குவதென்றால் பைப்பை வெறுமனே இறக்கக் கூடாது. இரும்பு விரைவாகத் துருப்பிடிப்பது மண்ணும் காற்றும் சந்திக்கிற மட்டத்தில்தான். அந்த இடத்தைச் சுற்றிக் கொங்கிறீற்றை நிலத்துக்கு மேலே நாலு விரல் உயர்த்தி, தண்ணி வழிந்தோடச் சரிவாகப் பூச வேணும்.

நாலு மூலைச் சட்டம் காற்றுக்குச் சரியும், முக்கோணம் சரியாது. ஒவ்வொரு மூலையிலும் ஒரு சாய்வுத் துண்டு போட்டால் பந்தல் நிற்கும். கார்த்திகை மழையில் நனைந்த கொடியும் காயும் சேர்ந்து வருகிற பாரத்தை எங்கட ஆட்கள் குறைத்து மதிப்பிடுவது வழக்கம். மேலே எதைப் போடுவது என்று யோசிக்க முதல், இந்தச் சாய்வுத் துண்டுகளை ஒதுக்கி வையுங்கோ.

கழற்றக்கூடிய இடங்களில் எல்லாம் நட்டும் போல்ற்றும் போட்டோம். நாலு மூலையை மட்டும் ஒட்டுக்கடையில் ஒட்டுவித்தோம், அதற்குரிய கூலியைக் கொடுத்து. போல்ற் போட்ட பந்தலை நாளைக்கு வேறு காணிக்குக் கொண்டுபோகலாம். ஒரு கால் உக்கினால் அந்தக் காலை மட்டும் மாற்றலாம்.

வெயிலுக்கு இரும்பு சுடும். இளங்கொடியின் சுருள் அதில் கருகும், வழுக்கவும் செய்யும். தும்புக் கயிற்றை றிம்மிலும் கம்பியிலும் சுற்றிவிட்டால் கொடி தானாகப் பிடித்து ஏறும். பிறகு இலை மூடினதும் இரும்பு நிழலுக்குள் போய்விடும்.

'வடிவில்லை' என்கிறவர்களுக்கு

இந்தப் பந்தலை அகற்ற வேணும் என்று இப்ப ஒரு கதை வந்திருக்கிறது. வெளிநாட்டில் இருந்து ஒருத்தர் புது எவர்சில்வர் வளைவு ஒன்று செய்து தருகிறாராம், முகப்பில் பெயர்ப்பலகையோடு. பழைய இரும்பை விற்றால் அந்தக் காசில் திறப்பு விழாவுக்குச் சாப்பாடு கொடுக்கலாமாம். நிர்வாகத்தில் சிலர் சொல்லுகிற காரணம் ஒன்றேயொன்று, வடிவில்லை.

எங்களுக்கு அந்தக் கொடையாளியோடு கோபம் ஒன்றும் இல்லை. ஊரை நினைத்துத்தான் அவர் காசு அனுப்புகிறார். எங்கட கேள்வி அந்தக் காசை எதற்குக் கேட்கிறோம் என்பது பற்றியது. வாசிகசாலைக்கு மூன்று வருடமாகப் புதுப் புத்தகம் வரவில்லை. தண்ணி மோட்டர் திருத்தாமல் கிடக்கு. இருக்கிற பந்தலைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இன்னொரு பந்தல் போட ஏன் காசு கேட்க வேணும்? பதில் எல்லாருக்கும் தெரியும். பழைய கட்டிலில் உபயப் பலகை மாட்ட ஏலாது.

வடிவு பற்றிய கதையிலும் ஒரு கள்ளம் இருக்கிறது. இதே சைக்கிள் றிம்மை வெள்ளைச் சுவரில் மாட்டி, மஞ்சள் வெளிச்சம் போட்டு, கோப்பிக் கடை ஒன்று திறந்தால் எல்லாரும் போய் நின்று படம் எடுக்கினம். அங்கே அது கலை. இங்கே அதில் புடோல் தொங்கினால் குப்பை. வித்தியாசம் றிம்மில் இல்லை. பார்க்க வைத்த பொருளுக்கு மதிப்பு, பாவிக்கிற பொருளுக்கு மதிப்பில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பார்வை எங்கட ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலஸ் நகரில், இத்தாலியில் இருந்து வந்த சைமன் ரோடியா என்ற கூலித் தொழிலாளி, 1921 முதல் 1954 வரை தன்னுடைய காணிக்குள் தனியாளாக இரும்புக் கோபுரங்களைக் கட்டினார். கம்பிகளைப் பக்கத்து ரயில் தண்டவாளத்தில் கொடுத்து வளைத்து, ஒட்டு வேலையே இல்லாமல் கம்பி வலை சுற்றி, சாந்து பூசி, உடைந்த போத்தலும் பீங்கானும் பதித்தார். உயர்ந்த கோபுரம் ஏறக்குறைய 30 மீற்றர். அவர் ஊரை விட்டுப் போனபின், ஆபத்தானது, இடிக்க வேணும் என்று நகர நிர்வாகம் கட்டளை போட்டது. ஆட்கள் எதிர்த்தார்கள். 1959 இல் 10,000 இறாத்தல் விசையில் இழுத்துப் பரிசோதித்தபோது பழுதானது கிரேன், கோபுரம் அசையவில்லை. இன்றைக்கு அந்த வாட்ஸ் கோபுரங்கள் பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னம். எங்கட பந்தல் கோபுரம் இல்லை, அப்படி ஆகவும் வேண்டாம். ஆனால் 'ஆபத்து', 'அசிங்கம்' என்று அதிகாரத்தில் இருக்கிறவர் சொன்னவுடனேயே கழற்றிவிடாமல், 'எங்கே, இழுத்துப் பாருங்கோ' என்று கேட்கிற உரிமை எங்களுக்கும் இருக்கிறது.

பங்கரும் பந்தலும்

இன்னொரு எதிர்ப்பு இருக்கிறது. அதைச் சொல்லுகிறவர்கள் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. எங்கட அம்மம்மா வயசுக்காரர் சிலர் சொன்னது: "உந்தத் தகரமும் கம்பியும் கண்டாலே சண்டைக் காலம்தான் ஞாபகம் வருது பிள்ளையள். இனியாவது புதுசாய் ஏதும் செய்யுங்கோவன்."

இதைக் கேட்காமல் தாண்டிப்போக ஏலாது. எங்கட நிலத்தில் இரும்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு ரயில் வராமல் போக, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்கு மேலே போயின. யாழ்தேவி மறுபடியும் யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்ரோபரில். இடம்பெயர்ந்தவர்கள் தகரத்தையும் கழற்றிக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். 2009 க்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் போனவர்கள், ஆட்கள் விட்டுவிட்டுப் போன சைக்கிள்களும் வாகனங்களும் மலையாகக் குவிந்து துருப்பிடித்துக் கிடந்ததைக் கண்டிருப்பார்கள். அந்த இரும்பு ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தருடையது.

ஆனால் நினைவு நோகிறது என்பதற்காக அதைக் கிலோவுக்கு விற்றால் நோவு போகுமா? இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவில் வீட்டுத் தோட்டங்களுக்குள் 'அன்டர்சன் ஷெல்டர்' என்ற பதுங்குகுழிகளை அமைத்தார்கள். வளைந்த நெளிதகடுகளைப் போல்ற் போட்டுப் பூட்டி, நாலடி ஆழத்தில் பாதி புதைத்து, மேலே மண் போட்டு மூடுவது. 1939 இல் கொடுக்கத் தொடங்கினார்கள். வருடம் 250 பவுணுக்குக் குறைவாக உழைத்த குடும்பங்களுக்கு இலவசம். குண்டு விழுந்த காலத்திலேயே அந்த மண்ணுக்கு மேலே மரக்கறி நட்டவர்கள் உண்டு. போர் முடிந்தபின் அரசாங்கம் தகடுகளைத் திரும்ப எடுத்தது. ஆனால் சிறு தொகை கட்டி வைத்துக்கொள்ளலாம் என்றும் விட்டது. அப்படி வைத்துக்கொண்டவர்கள் அதைக் கிளப்பித் தோட்டக் கொட்டிலாக்கி, மண்வெட்டியும் சைக்கிளும் வைத்தார்கள். இன்றைக்கும் சில தோட்டங்களில் அவை நிற்கின்றன. உயிர் காத்த தகட்டுக்குப் பிறகு மழைக்கு மண்வெட்டியைக் காக்கிற வேலை. அதில் அவமானம் இருப்பதாக அங்கே ஆரும் நினைக்கவில்லை.

பங்கருக்குப் போன இரும்பு பந்தலுக்கு வருவது மறப்பதற்காக அல்ல. ஞாபகத்தோடேயே ஒரு பொருளைப் பிரயோசனத்துக்குத் திருப்புவதற்காக. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் விளக்குச் செய்து படித்தவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டவர்களும் எங்கட வீடுகளில்தான் இருக்கினம். தட்டுப்பாட்டில் செய்தால் திறமை, தட்டுப்பாடு இல்லாதபோது செய்தால் வறுமை என்று ஒரு அறிவுக்கு இரண்டு பெயர் வைக்க ஏலாது.

துருவும் ஆபத்தும்

'துரு குத்தினால் ஏற்பு வரும், பிள்ளைகள் விளையாடுகிற இடம்' என்றும் சொல்லுகினம். ஏற்பு துருவால் வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற ஒரு பக்ரீரியா ஆழமான காயத்துக்குள் போனால் வரும். புது ஆணி குத்தினாலும் வரும், வேலி முள் குத்தினாலும் வரும். அதற்கு மருந்து ஏற்பு ஊசி. பந்தலைக் கழற்றுவது மருந்தில்லை. கூரான முனைகளை அராவிவிட வேணும், பைப் வாய்களை மூட வேணும், கம்பி பிறஸ்ஸால் துருவை உரசி, சிவப்பு ஒக்சைட் அடித்து, பிறகு பெயின்ற் அடிக்க வேணும். உப்புக்காற்று வீசுகிற கரையோர ஊர் என்றால் வருடத்துக்கு ஒருக்கால் பார்க்க வேணும்.

உண்மையான ஆபத்துகள் வேறு. பழைய இனாமல் பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்தபடி உரசித் தூள் கிளப்பக் கூடாது. நனைத்துச் சுரண்டி, தூளைச் சேர்த்து எடுத்து, பிள்ளைகளைத் தள்ளி வைத்து வேலை செய்ய வேணும். ஜீ.ஐ. பைப்பின் நாகப்பூச்சோடு ஒட்டு வேலை செய்தால் வருகிற புகை ஒட்டுகிறவருக்குக் காய்ச்சலும் குளிரும் தரும். பூச்சை அராவிவிட்டு, காற்றோட்டமான வெளியில் ஒட்ட வேணும். பூச்சிமருந்து, ஒயில் இருந்த பரல்களைத் தண்ணி பிடிக்கப் பாவிக்கவே கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வன்னியில் மண்ணுக்குள் இருந்து இரும்பு கிண்டினவர்கள் வெடிபொருளில் பட்டுக் கையையும் காலையும் உயிரையும் இழந்திருக்கிறார்கள். நிலக்கண்ணிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கை 2018 இல் இலங்கைக்கு நடைமுறைக்கு வந்தது. அதன்படி நிலக்கண்ணிகளை அகற்றி முடிப்பதற்கான காலக்கெடு 2028. அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. ஆகவே நாங்கள் சொல்லுகிற பழைய இரும்பு, வீட்டில் இருந்தது, எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்தது. மண்ணுக்குள் கிடக்கிற அடையாளம் தெரியாத இரும்பு எங்கட கணக்கில் இல்லை. அதைத் தொடாதேங்கோ, ஆருக்கும் தொடக் காசு கொடுக்காதேங்கோ.

வெள்ளிக்கிழமைத் தோட்டம்

2022 ஐ மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதற்குக் கொஞ்சம் முதல், ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்தார்கள். நாட்கூலிக்குப் போகிறவருக்கு அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இல்லை. காணி இல்லாதவருக்குத் தோட்டமும் இல்லை. தோட்டம் செய்யச் சொன்னார்கள், எதைக் கொண்டு செய்வது என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் கடையில் பைப் விலையைக் கேட்டுத் திரும்பி வந்தவர்களின் வீட்டுப் பின்பக்கத்திலேயே இரண்டு கட்டில் சட்டமும் நாலு றிம்மும் கிடந்தன. விலை ஏறினது என்று அதையும் பலர் விற்றார்கள். பசியில் விற்றவரை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. பசி இல்லாத நாளிலும் விற்கிறோமே, அதைத்தான் சொல்லுகிறோம்.

எல்லாவற்றுக்கும் இரும்புதான் என்றும் நாங்கள் சொல்லவில்லை. ஒரு போகத்துப் பயித்தங்கொடிக்கு நாலு காட்டுத்தடி காணும். கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நட்டால் அதுவே உயிருள்ள கால். ஆனால் முந்திரிகை போல வருடக்கணக்காக நிற்கிற கொடிக்கு, கறையான் தின்னாத கால் வேணும். பள்ளிக்கூடத் தோட்டத்துக்கும், நாலு குடும்பம் சேர்ந்து செய்கிற காணிக்கும், ஒவ்வொரு போகமும் தடி தேடி அலைய ஏலாது. அந்த இடங்களுக்குத்தான் இந்தப் பந்தல்.

கேட்பது இவ்வளவுதான்

சனசமூக நிலையங்களையும், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களையும், கோயில் நிர்வாகங்களையும் நாங்கள் கேட்பது மூன்று விசயம்.

பழைய இரும்பை லொறியில் ஏற்ற முதல் ஒரு நாள் ஒதுக்கித் தரம் பிரியுங்கோ. நேரானது, வளைவானது, துளை உள்ளது, தடிப்பானது ஒரு பக்கம். உண்மையிலேயே உக்கினது மறுபக்கம். உக்கினது நிறைக்குப் போகட்டும். ஊருக்குள் லான்ட்மாஸ்டரில் வந்து இரும்பு வாங்குகிறவரோடும் கதையுங்கோ. நல்ல சட்டத்துக்கும் பைப்புக்கும் கிலோ விலையை விடக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் அவர் உங்களுக்கே கொண்டுவந்து தருவார். எந்த வீட்டில் என்ன கிடந்தது என்று அவரை விட நன்றாக அறிந்தவர் ஊரில் இல்லை.

வேலைக்குக் கூலி கொடுங்கோ. 'சிரமதானம்' என்று சொல்லி ஒட்டுக்கடைக்காரரின் கரண்ட் காசையும் கம்மாலைக்காரரின் நேரத்தையும் சும்மா எடுக்காதேங்கோ. எவர்சில்வர் வளைவுக்குக் கொடுக்கத் தயாராக இருந்த காசில் ஒரு பங்கு ஊர்த் தொழிலாளிக்குப் போனால் கொடையாளியும் கோபிக்க மாட்டார். கேட்டுப் பாருங்கோ.

மூன்றாவது, பந்தலில் பெயர்ப்பலகை மாட்டாதேங்கோ. கட்டில் தந்த வீட்டுக்காரர், றிம் தந்த சைக்கிள் கடைக்காரர், ஒட்டினவர், கிடங்கு கிண்டினவர், தினமும் தண்ணி ஊற்றுகிற பிள்ளைகள் என்று எல்லாருடைய பெயரையும் எழுதினால் பலகைக்குத் தனிப் பந்தல் போட வேணும்.

நிர்வாகக் கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. பந்தலைக் கழற்ற வேணும் என்கிறவர்கள் அதற்கு முதல் ஒருக்கால் வந்து, கீழே நின்று, காலைப் பிடித்து ஆட்டிப் பார்க்கட்டும். போகும்போது ஆளுக்கு இரண்டு பாகற்காய் பிடுங்கிக்கொண்டு போகலாம்.